குறைந்தபட்சக் கூலி: ஏற்றுவது ஒன்று, எட்டுவது ஒன்று

உழைப்பின் விலை – 9

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, வன்னியம்பட்டி விலக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் குறைந்தபட்சக் கூலி என்று ஒரே தொகை கிடையாது. பஞ்சாலைக்குப் போகிறவருக்கு ஒரு கணக்கு, விசைத்தறி ஓட்டுகிறவருக்கு வேறு கணக்கு, வயல் வேலைக்கு இன்னொன்று, நூறு நாள் வேலைக்கு டெல்லி அறிவிக்கும் தொகை. ஒரே வீட்டிலிருந்து நாலு பேர் வேலைக்குக் கிளம்பினால் நாலு விதச் சட்டக் கூலி அவர்களுக்கு உண்டு. அரசு குறைந்தபட்சக் கூலியை ஏற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடும் முன், எந்தக் கூலியை, யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு 2025 நவம்பர்வரை அடிப்படையாக இருந்தது 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மாநில அரசு கூலி நிர்ணயித்தது. ஐந்து ஆண்டுக்கு மிகாமல் அதைத் திருத்த வேண்டும். திருத்த இரண்டு வழிகள். முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் சம அளவில் இருக்கும் குழுவை அமைத்து அறிக்கை பெறலாம். அல்லது வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்டு முடிவு செய்யலாம். தமிழ்நாட்டில் அறிவிக்கப்படும் கூலியில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தனித்தனி. அடிப்படைச் சம்பளம் அரசாணை வரும்வரை அசையாது. பஞ்சப்படி மட்டும் ஆண்டுதோறும் ஏப்ரலில், சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஏறும். வன்னியம்பட்டிக்காரரின் படி சென்னைச் சந்தை விலையோடு கட்டப்பட்டிருக்கிறது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது? 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பிய குடும்பம் மூன்று நுகர்வு அலகு. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 0.6. அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலான இதரச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். இந்த உணவுக் கணக்குக்கு அடித்தளமிட்ட ஊட்டச்சத்து அறிஞர் வாலஸ் அய்க்ராய்ட், நீலகிரியின் குன்னூரில் ஆய்வுக்கூட இயக்குநராக இருந்தவர். சமையலும் துணி துவைப்பும் பிள்ளை வளர்ப்பும் பார்த்து, வயலுக்கும் போய்வரும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த அலகு போட்டதை இன்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அந்த 3 அலகுதான் அரை நூற்றாண்டுக்கு மேல் அடிக்கல்லாக இருந்தது.

1991-இல் உச்ச நீதிமன்றம், சென்னையில் ஆலை நடத்திய ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமைக்கான சேமிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. வீடு கட்டிப் பிள்ளை படிக்கவைக்கிற எவருக்கும் 25 சதவீதம் போதாது என்று தெரியும். அதுவும் சேராமல் பல அரசாணைகள் வந்தன என்பதுதான் விஷயம். 2019 தொடக்கத்தில் அனூப் சத்பதி குழு நுகர்வு அலகை 3.6 ஆக உயர்த்தியும் கலோரியை 2,400 ஆகக் குறைத்தும் புதுக் கணக்குப் போட்டு, நாள் கூலி 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு தேசிய அடிமட்டக் கூலியை 176-இலிருந்து 178 ஆக ஏற்றியது. இரண்டு ரூபாய்.

கூலியை ஏற்றினால் தொழில் படுத்துவிடும் என்பது ஆலைக்காரர்களின் பழைய வாதம். அதில் பாதி உண்மை உண்டு. எந்தத் தொழில் என்பதைப் பொறுத்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இப்பகுதியின் நூற்பாலைகள் வரை, செலவில் பாதிக்கு மேல் பஞ்சு விலைக்கே போகிறது. கூலியின் பங்கு பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கூலியை 20 சதவீதம் ஏற்றியும் நூலின் அடக்கவிலை 2 சதவீதம்தான் ஏறும். பஞ்சு விலை ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் ஏறி இறங்குவது உண்டு. அப்போது ஆலையை மூடுவதாக யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டு ஆய்வும் அந்த வாதத்துக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி 1992 ஏப்ரலில் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுத் துரித உணவகங்களை ஆராய்ந்தார்கள். வேலைவாய்ப்பு சரியவில்லை. அதற்கு ஒரு விளக்கம்: வேலை கொடுப்போர் சிலரே இருக்கும் இடத்தில் கூலியை அவர்கள்தாம் வைக்கிறார்கள், தொழிலாளி போட்டி போட்டு ஏற்ற முடியாது. கார்டுக்கு 2021-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

வேறு ஆலைக்கு மாறவே முடியாத ஏற்பாடு இந்த மண்ணிலும் இருந்தது. கேம்ப் கூலி என்றும் சுமங்கலித் திட்டம் என்றும் பெயர் பெற்ற முறையில், இளம்பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை பார்ப்பார்கள். முடிவில் மொத்தத் தொகை தரப்படும். இடையில் நின்றால் அது கைக்கு வராது. பயிற்சியாளர் என்ற பெயர் இருந்தவரை நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமும் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அவர்களை எட்டவில்லை. 2008 நவம்பரில் தமிழக அரசு ஆலைப் பயிற்சியாளர்களுக்கு நாளொன்றுக்கு 110 ரூபாயும் பஞ்சப்படியும் என்று நிர்ணயித்தது. ஆலை உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை ஏற்றது. கூலியை ஏற்றியதைவிட, பயிற்சியாளரும் கூலிக்குரியவரே என்று எழுதிவைத்ததே அந்த ஆணையின் பெரிய வேலை.

காலம் தாழ்த்துவது கூலி குறைவதைவிடக் கொடியது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 2004-க்குப் பிறகு 2014 டிசம்பரில்தான் கூலி திருத்தப்பட்டது. ஏற்றம் 30 சதவீதம்வரை. முதலாளிகள் நூற்றுக்கணக்கில் மனுப் போட, 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. சட்டம் சொன்ன ஐந்தாண்டுக் கெடு பன்னிரண்டு ஆண்டாக நீண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் ஏற்றியிருந்தால் ஒரே அடியில் 30 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்காது. முதலாளிக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். நூறு நாள் வேலைக் கூலி ஆண்டுதோறும் திருத்தப்பட்டதால், தமிழ்நாட்டில் 2023-24-இல் 294, அடுத்த ஆண்டு 319, 2025-26-இல் 336 என்று போனது. தொகை குறைவுதான். ஆனால் ஏறும் நாள் எல்லாருக்கும் தெரியும்.

கூலி ஏற்றம் எட்டாத இடம் ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ், காஸ் துணி நெய்யும் விசைத்தறிகள் அங்கே நிறைந்திருக்கின்றன. நூல் ஒருவருடையது, தறி இன்னொருவருடையது, ஓட்டுவது மூன்றாமவர். தறிக்காரரே மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுப்பவர். நெய்த துணியை வெளுத்து வந்தபின் வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடுவது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கும் எண்ணிக்கைக் கூலி. எண்ணிக்கைக் கூலியானாலும் நாள் வீதக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது 1948 சட்டத்திலேயே இருந்தது. எட்டு மணி நேரத்தில் எத்தனை உருளை சுருட்ட முடியும் என்று அளந்து பார்த்தால்தான் அந்த விதி உயிர்பெறும். மின்சாரம் போன நேரம், நூல் வராத நாள், பாவு அறுந்து தறி நின்ற பொழுது எல்லாம் எண்ணிக்கைக் கூலியில் தொழிலாளியின் கணக்கில்தான் விழும்.

அதனால் இங்கே அரசாணையைவிட கூலி ஒப்பந்தமே நிஜம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சங்கங்கள் புதுக் கூலி கேட்கும், உரிமையாளர்கள் நூல் விலையையும் தேங்கிய சரக்கையும் காட்டுவார்கள், தறிகள் நிற்கும், அதிகாரிகள் முன்னிலையில் பேசி ஒரு சதவீதத்தில் கையெழுத்தாகும். நூற்பாலைபோல அல்லாமல், பேண்டேஜ் துணியில் கூலியின் பங்கு பெரிது. வாங்குகிறவர் விலையை ஏற்றாவிட்டால் இந்தச் சங்கிலியில் நசுங்குவது கடைசி ஆள். தொழில் படுத்துவிடும் என்ற வாதத்தின் உண்மையான பாதி இதுதான்.

தொழிலால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் என்றோ பதில் சொல்லிவிட்டன. கேரள ஓட்டுத் தொழில் தொடர்பான உன்னிச்சோயி வழக்கில், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் தாங்கும் திறனைப் பார்க்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது.

1948 சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. அட்டவணைத் தொழில் என்ற வேலி போய்விட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. மத்திய அரசு வைக்கும் அடிமட்டக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் போகமுடியாது. ஐந்தாண்டுக் கெடு அப்படியே தொடர்கிறது; தாண்டினால் அரசுக்கு என்ன ஆகும் என்று இதிலும் சொல்லப்படவில்லை. குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்வரை அபராதம். பழைய சட்டத்தில் அது ஐந்நூறாக இருந்தது. பாக்கிக் கூலியை மூன்று ஆண்டுக்குள் கோரலாம். கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பஞ்சாலைத் தொழிலாளி மனு எழுதும்போது முதலாளியின் பெயரை யோசிக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் இருக்கும். பேண்டேஜ் சுருட்டும் பெண் நூல்காரர், தறிக்காரர், பொட்டலம் வாங்கிப்போகும் வியாபாரி மூவரில் யார் பெயரை எழுதுவது என்பது அந்தந்த வழக்கில் தீர வேண்டியது.

(தொடரும்)