ஈயத்தைப் பார்த்து இளிக்கலாமா?

டத்தோ கிராமாட் சாலையில் உள்ள பினாங்கு டைம்ஸ் ஸ்குவேரைத் தெரியாத ஜார்ஜ்டவுன் மாணவர் இருக்க மாட்டார். கடைகள், உணவகங்கள், அடுக்குமாடி வீடுகள் என்று எந்நேரமும் கலகலப்பாக இருக்கும் இடம். அந்த வட்டாரத்தில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "அங்கேதானே ஈய ஆலை இருந்தது!" என்பார்.

ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்ற அந்த உருக்காலை நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. முதலில் சீன வணிகர்களின் முதலீட்டில் நடந்து, 1911இல் பிரிட்டிஷ் முதலாளிகளின் கைக்கு மாறியது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய தாது இங்கே உருகி, கட்டிகளாகிக் கப்பல் ஏறியது. உலகச் சந்தையில் "பினாங்கு விலை" என்றே ஈயத்துக்கு ஒரு விலை இருந்தது. 1984இல்தான் அந்தச் சந்தை கோலாலம்பூருக்குப் போனது.

இன்று ஆலை இல்லை. ஆனால், எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மாணவருக்கு அந்த ஆலை சொல்லும் பாடம் ஒன்று உண்டு.

நம் வீடுகளில் அறிவியல் பிரிவு என்றாலே டாக்டர் கனவுதான். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காவிட்டால், "அப்புறம் அறிவியல் எதற்கு?" என்று பிள்ளையை வேறு துறைக்குத் திருப்பிவிடுகிறோம். அறிவியல் பிரிவில் 60 விழுக்காடு, கலைப் பிரிவில் 40 விழுக்காடு மாணவர்கள் என்று 1967இல் நாடு வகுத்த இலக்கு இன்னும் எட்டப்படாமல் இருப்பதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். மருத்துவமும் இப்போது பழையபடி இல்லை. 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்படத் தொடங்கினர்.

மருத்துவம் படிக்க விரும்புவோர் தாராளமாகப் படிக்கட்டும். அறிவியலுக்கு அது ஒன்றே வாசல் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

ஒரு கட்டிக்குப் பின்னால் எத்தனை பேர்?

நாம் பேச்சுவழக்கில் ஈயம் என்று சொன்னாலும் தமிழ் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. டத்தோ கிராமாட்டில் உருகியது வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் அதே உலோகம்தான். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். ரசம் இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வற்றிவிட்டால் 232 டிகிரியில் சொம்பு உருகிவிடும். அந்த எண்ணைப் பாட்டி அறிந்திருக்க மாட்டார்; ஆனால் அதன் இயற்பியல் அவருக்குத் தெரியும்.

தாதுவில் வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும். அதைக் கரியோடு கலந்து, உலையில் 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். உலோகம் பிரிந்து வரும். பள்ளி வேதியியல் புத்தகத்தில் இது ஒரே வரிச் சமன்பாடு. ஆலையில் அந்த ஒரு வரிக்குப் பல தொழில்கள் இருந்தன.

முதலில் மாதிரி எடுப்பவர். மூட்டை மூட்டையாக வரும் தாதுவில் ஒரு கைப்பிடியை எடுத்தால், அது மொத்தக் குவியலின் தன்மையையும் காட்ட வேண்டும். அடுத்து, சோதனைக்கூட வேதியியலாளர். தாதுவில் எத்தனை விழுக்காடு உலோகம், எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஆர்சனிக் என்று அவர் சொல்வதைப் பொறுத்தே சுரங்கக்காரருக்குப் பணம். அவர் கணக்குத் தப்பினால் ஒருவர் ஏமாந்து போவார். பிறகு உலையைக் கவனிக்கும் உலோகவியலாளர், தொழில்நுட்பர், புகையில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டிய சுற்றுச்சூழல் வல்லுநர்.

கசடையும் மறக்கக் கூடாது. உருக்கிய பின் ஒதுக்கிய கசடில் டான்டலம் என்ற அரிய உலோகம் இருந்தது. மின்னணுக் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு அது தேவைப்பட்டபோது, மலேசிய, தாய்லாந்து ஈயக் கசடுக்கு உலகச் சந்தையில் மதிப்பு வந்தது. குப்பையில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தவரும் அறிவியல் படித்தவர்தான்.

ஆலை போனது, ஈயம் போகவில்லை

1985இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஆனால், அதற்கு முன்பே, 1972இல், பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்தில் இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் கால்பதித்துவிட்டன. சில்லுகளைப் பலகையில் ஒட்டவைப்பது பற்றாசு. பற்றாசின் முக்கியப் பொருள் எது? அதே வெள்ளீயம்!

பழைய பற்றாசில் வெள்ளீயம் 63, காரீயம் 37 விழுக்காடு. அது 183 டிகிரியில் உருகும். காரீயம் உடலுக்குக் கேடு என்பதால், 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த கலவை பரவலானது. அது உருக சுமார் 217 டிகிரி வேண்டும். முப்பது டிகிரிக்கு மேல் சூடு கூடினால் பலகை வளையுமா, சில்லு தாங்குமா? தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் முளைக்கும். அவை பக்கத்துக் கம்பியைத் தொட்டால் மின்குறுக்கு ஏற்படும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஊமையானதற்கு இத்தகைய இழைகளே காரணம் என்று கூறப்பட்டது. இப்படிப் பழுதான சில்லை எக்ஸ்ரே கருவியிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் வைத்துக் காரணம் தேடுவது இன்று தனித் தொழில். பழுதுப் பகுப்பாய்வுப் பொறியாளர் என்பது அதன் பெயர். பினாங்கிலேயே அந்த வேலை இருக்கிறது.

ஆலையை மட்டும் நம்பியவருக்கு அது மூடியபோது வழி அடைபட்டது. வெள்ளீயத்தின் குணத்தைப் படித்தவருக்கு அடுத்த வாசல் திறந்தே இருந்தது. வேலையின் பெயர் மாறும்; பொருளைப் பற்றிய அறிவு கூடவே வரும்.

எந்த வழியாகப் போகலாம்?

வேதியியலில் ஆர்வமுள்ளவர் ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகப் பட்டப்படிப்புக்குச் செல்லலாம். 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதன் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் பொருள்கள், கனிம வளப் பொறியியலுக்கென்றே தனிப் பள்ளி உண்டு.

நாட்டில் வேதியியலாளராகத் தொழில் செய்ய 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் வேதியியல் துறையில் உணவு, குடிநீர், போதைப்பொருள், குற்றவழக்குத் தடயங்கள் என்று பலவற்றையும் சோதிக்கிறார்கள். நீதிமன்றம் அவர்களின் அறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

தேர்ச்சி சற்றுக் குறைவா? கவலை வேண்டாம். பாலிடெக்னிக் டிப்ளோமா இருக்கிறது. 1989இல் அமைந்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பயிற்சியைத் தருகிறது. தொழில்நுட்பராக நுழைந்து, வேலை செய்துகொண்டே படித்துப் பொறியாளராக உயர்வதும் நடக்கக்கூடியதே.

வழி எதுவானாலும் ஐந்தாம் படிவத்தில் வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றைக் கைவிட்டுவிடாதீர்கள். இவற்றை விட்டுவிட்டால் மேற்சொன்ன பல கதவுகளைப் பின்னால் திறப்பது கடினம்.

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்று ஒரு பழமொழி உண்டு. ஆனால், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பே கெட்டுவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலும் அப்படித்தான். இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரும் இல்லாமல் டாக்டரால் மட்டும் நோயாளியைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே மாணவர்களே, விண்ணப்பப் பாரத்தை நிரப்புமுன், "நான் என்ன ஆக வேண்டும்?" என்ற கேள்வியோடு, "எந்தப் பொருளை, எந்தப் புதிரை அறிய எனக்கு ஆசை?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தமுறை டத்தோ கிராமாட் பக்கம் போகும்போது கையிலிருக்கும் கைப்பேசியைச் சற்றுப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் உருகிய உலோகம் அதற்குள்ளும் இருக்கிறது.