பூந்திக் கரண்டியில் நின்ற சாமந்தி

தீபாவளிக்கு முதல் நாள், பூந்தி தேய்க்கும்போது மாமியாரின் பித்தளைக் கரண்டி கைப்பிடியோடு ஒடிந்துவிட்டது. லட்டுக்கென்றே வாங்கிய பெரிய துளைக் கரண்டி. ஐம்பது வருஷமாவது எண்ணெய் கண்டிருக்கும். "எடைக்குப் போட்டுடலாமே" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. ஒடிந்த வட்டத்தைத் தேய்த்துக் கழுவி, வாய் அகன்ற ஒரு செம்பின் மேல் கவிழ்த்தேன். மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கொல்லையிலிருந்து மஞ்சள் சாமந்தியைத் தண்டோடு வெட்டி வந்து, துளைக்கு ஒன்றாகச் செருகினேன். குமிழ்ந்த கரண்டி என்பதால் பூக்கள் தாமாகவே நாலாபுறமும் விரிந்து நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை.

ஜப்பானியர் இதே வேலைக்குக் கென்ஸான் என்று ஊசிகள் பதித்த கனமான தட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வேலையைப் பூந்திக் கரண்டி செய்துவிடுகிறது. தேன்குழல் அச்சின் வில்லையும் செய்யும், மெல்லிய தண்டாக இருந்தால்.

பழைய பொருளில் பூச்சாடி செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாயைத்தான். வயிற்றின் அழகைப் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவோம். வாய் அகலமாக இருந்தால் பத்துப் பூ வைத்தாலும் விளிம்பில் சரிந்து கிடக்கும், நடுவில் பள்ளம் விழும். மை பாட்டில், மருந்து பாட்டில் போலக் குறுகிய வாய் என்றால் ஒற்றை நந்தியாவட்டைக் கிளையே போதும், பார்க்க நிறைவாக இருக்கும். அகன்ற வாயுள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தால் வாயின் குறுக்கே செலோ டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்ன வாய்.

ஊறுகாய் ஜாடி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா ஆவக்காய் போட்டு வைத்த பீங்கான் ஜாடி, நூலிழை போல ஒரு விரிசல். நன்றாகக் கழுவித்தான் ரோஜா வைத்தேன். மறுநாள் காலையில் தேக்கு மேஜையில் வெள்ளையாக ஒரு வளையம், ரோஜாக்கள் தலை தொங்கியிருந்தன. வருஷக்கணக்கில் விரிசலுக்குள் ஊறிய உப்பு தண்ணீரில் கரைந்து வந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் பூ சீக்கிரம் வாடிவிடும். அன்றிலிருந்து ஜாடிக்குள் ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி, அதில்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். துருப்பிடிக்கும் பவுடர் டின், பால் டின்னுக்கும் இதே வழிதான்.

விரிசல் விட்டதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ 1590-ல் ஒடவாரா முற்றுகைக் காலத்தில் மூங்கிலை வெட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் பூக்குழல், இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகத்திலேயே நீளமாக ஒரு விரிசல் ஓடுகிறது.

எந்தப் பாத்திரமானாலும் தண்ணீரில் கவனம் வேண்டும். தண்டைச் சாய்வாக, முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே நறுக்குங்கள். வெளியே நறுக்கினால் தண்டின் குழாய்க்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அவை அழுகினால் கிருமி பெருகித் தண்டு வழவழத்துப்போகும். செம்பும் பித்தளையும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும், ஆனாலும் நான் தினமும் தண்ணீர் மாற்றிவிடுவேன். பழுத்த வாழைத்தாருக்குப் பக்கத்தில் பூச்சாடி வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும். அரளி வைத்தால் அந்தத் தண்ணீர்கூட விஷம், குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

இத்தனைக்கும் நம் ஊரில் தண்டோடு பூ கிடைப்பதுதான் கஷ்டம். நமக்குப் பூ என்றால் தலை மட்டும்தானே! தோவாளைச் சந்தையானாலும் மாட்டுத்தாவணியானாலும் உதிரிப்பூ கிலோவுக்கு, கட்டிய சரம் முழத்துக்கு. என் பாட்டி வீட்டில் பூச்சாடி என்ற பொருளே இருந்ததில்லை. எங்கள் சன்னதித் தெரு பூக்காரம்மாவிடம் முதலில் கேட்டபோது, "தண்டை வச்சு என்னம்மா செய்வீங்க?" என்றார். கைப்பேசியில் கரண்டிச் சாமந்தியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பூந்திக் கரண்டியில்ல!" என்று வாய்விட்டுச் சிரித்தார். இப்போது வியாழக்கிழமைதோறும் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டு எடுத்து வைத்துவிடுகிறார்.

போன வாரக் கட்டில் சம்பங்கி நாலு தண்டு இருந்தது. அது பூந்தித் துளையில் நுழையாது. பரணில் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் காபி பில்டரின் கீழ்ப்பாகம் கிடக்கிறது, நேர் வாய், நல்ல உயரம். இரண்டடித் தண்டைத் தாங்க அடியில் நாலு கைப்பிடி கூழாங்கல் போட வேண்டியிருக்கும்.