கஃபாவின் போர்வையும் ஊசி பிடித்த கரங்களும்

புனித கஃபாவின் படம் இல்லாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே அரிது. கருநிறப் பட்டின்மீது பொன்னெழுத்துகள் பொலியும் அக்காட்சியை நாள்தோறும் கண்டு மகிழ்கிறோம். அவ்வெழுத்துகள் அச்சிட்டவையல்ல, நெய்தவையுமல்ல. மனிதக் கரங்கள் ஊசியால் தைத்தவை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

கிஸ்வா எனப்படும் அப்போர்வைக்கு பெருமளவு பட்டு செலவாகிறது. கருந்துணியை இன்று இயந்திரத் தறி நெய்கிறது. கலிமாவும் நெசவிலேயே அமைந்துவிடுகிறது. ஆனால், இறைவசனங்கள் தாங்கிய 'ஹிஸாம்' என்னும் கச்சைக்கும் கதவுத் திரைக்கும் கைத்தையலே. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டின்மீது முதலில் எழுத்தின் வரையுருவைப் பதிக்கின்றனர். அவ்வுருவினுள் பருத்தி நூலை அடுக்கடுக்காக இட்டு மேடாக்குகின்றனர். அம்மேட்டின்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளியிழையை மாறிமாறிப் படியவைத்து, இரு ஓரங்களிலும் மெல்லிய நூலால் தைத்து நிறுத்துகின்றனர். உலோக இழை பட்டைத் துளைத்துச் செல்வதில்லை. சென்றால் துணி தாங்காது. 47 மீட்டர் நீளக் கச்சை இவ்வாறே அங்குலம் அங்குலமாக நிறைகிறது. அவசரக்காரருக்கு ஏற்ற தொழிலன்று இது!

இக்கலை நெடுங்காலம் எகிப்து நாட்டவரின் பெருமையாக விளங்கியது. கெய்ரோவில் கிஸ்வாவுக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. ஆண்டுதோறும் 'மஹ்மல்' ஊர்வலத்துடன் போர்வை ஹிஜாஸுக்குப் புறப்படும். 1926-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மஹ்மலுடன் வந்த எகிப்தியப் படையினருக்கும் நஜ்து நாட்டு இக்வான்களுக்கும் இடையே மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு எகிப்தின் கிஸ்வா வரவில்லை. மன்னர் அப்துல் அஸீஸ் மக்காவின் அஜ்யாத் பகுதியில் பட்டறை அமைத்தார். அங்கு நெய்யவும் பொன்னிழை தைக்கவும் அழைக்கப்பட்டோர் யார் தெரியுமா? நம் இந்திய நாட்டுக் கைவினைஞர்கள்!

பின்னர் உறவு சீராகி, மீண்டும் கெய்ரோவிலிருந்தே போர்வை வரலாயிற்று. 1962-இல் அதுவும் நின்றது. அரசுகளின் பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில் ஓர் ஆணையால் வேலையற்றுப் போனதே, அதைத்தான் என் மனம் ஏற்க மறுக்கிறது.

1977 முதல் மக்காவின் உம்முல் ஜூதில் உள்ள தொழிற்கூடத்தில் கிஸ்வா உருவாகி வருகிறது. அரஃபா நாளன்று போர்வை மாற்றும் பழைய வழக்கம், 2022-ஆம் ஆண்டு முதல் முஹர்ரம் முதல் நாளுக்கு மாற்றப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்வையை வழங்கிய மன்னரின் பெயர் பொன்னிழையால் அதில் பொறிக்கப்படுகிறது. தைத்தவரின் பெயர் இல்லை. கெய்ரோவின் காலத்திலும் சுல்தான்களின் பெயருக்கே அங்கு இடமிருந்தது. மன்னரின் பெயரைத் தைத்ததும் அதே கரம்தான்.

உம்ராவுக்குச் செல்லும் பேறு பெறுவோர், கூட்டம் இடந்தரும் நேரத்தில் கதவுத் திரையைச் சற்று நின்று நோக்குங்கள். எழுத்துகள் துணியைவிட்டு மேலெழுந்து நிற்பது தெரியும். பொன்னுக்கடியில் மறைந்திருக்கும் அந்தப் பருத்தி நூலின் வேலை அது.