அணைக்கு முன் கிணற்றை அளந்து வையுங்கள்

நீர்ப்பாசனத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டதும் மூழ்கப்போகும் காணிகளின் பட்டியலைத் தேடுகிறோம். அதில் நம் பெயர் இல்லையென்றால் நிம்மதி. அந்த நிம்மதியை நம்ப முடியாது என்பதற்கு உமா ஓயாவே சாட்சி. பதுளை மாவட்டத்தில் புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணை கட்டி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்புவது திட்டம். 120 மெகாவாட் மின்சாரமும் தென்கிழக்கு உலர் வலயத்துக்குப் பாசன நீரும் அதன் பயன். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பின்னர் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்களில் வெடிப்பு விழுந்தது, குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2017இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். பாதிப்பு அணைக்கரையோடு நிற்கவில்லை.

உலர் வலய விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாமா, கேள்வி கேட்டால் திட்டம் தாமதமாகாதா என்பார்கள். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் 2008இல் அடிக்கல் நாட்டிய இத்திட்டம் திறக்கப்பட்டது 2024இல். தாமதத்துக்குப் பணச் சிக்கல் உட்படப் பல காரணங்கள். சுரங்கக் கசிவும் அவற்றில் ஒன்று. நிலத்தடியை முன்கூட்டியே நன்கு ஆராய்வது அதைவிட மலிவு.

இன்னொரு மறுப்பு வலுவானது: கிணறு வற்றியது வரட்சியாலும் இருக்கலாமே? இதற்குப் பதில் சொல்லப் பழைய அளவு கையில் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒரு வருடமாவது மாதந்தோறும் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். சுவர்களைத் திகதியோடு படமெடுங்கள். பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

சட்டமும் வழி விட்டிருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும்; கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அதற்குக் காணி உறுதி தேவையில்லை. உறுதியே இல்லாத லயன் குடும்பங்கள் நட்டஈட்டுக் கணக்கில் எளிதில் விடுபடக்கூடியவை என்பதால், அவர்களுக்கு இந்த 30 நாள் மிக முக்கியம். சுரங்கப் பாதை வரைபடத்தையும் நிலவியல் அறிக்கையையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்; தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். கெடு இவ்வளவு குறுகியதாக இருப்பதால், ஆதாரத்தை முதலிலேயே சேர்த்து வைத்தவருக்கே இந்த உரிமைகள் முழுதாகப் பயன்படும்.