ஊர்ச் சொல் அம்பலம் ஏறுமா?

கோடையிலும் ஆடிக் காற்றிலும் தங்கவயலின் லைன் வீடுகளில் ஜன்னலைச் சாத்திவைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று நம் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்ணே நமது சயனைடு மேடுகள். நூறாண்டுக்கும் மேலாகக் குவிந்த அம்மண் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது. வெயிலும் மழையும் பட்டுச் சயனைடின் கடுமை நாளடைவில் தணியக்கூடும். மூச்சுக் குழலில் புகும் நுண்ணிய பாறைத் தூளின் தீங்கு அவ்வாறு தணிவதன்று. மழைக் காலத்தில் அதே மண் கரைந்து தாழ்ந்த நிலங்களை நாடிச் செல்கிறது.

இம்மேடுகளைப் பற்றி முடிவு செய்ய உரியவர் யார்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்த நாள் முதல் இக்கேள்விக்கு ஊரார் பதில் சொன்னதில்லை. தண்ணீர், தெரு, ஆஸ்பத்திரி யாவும் கம்பெனியும் சானிடரி போர்டும் பார்த்துக்கொண்டன. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1962-இல் மத்திய அரசாங்கத்துக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. முதலாளி மாறினாரேயன்றி, மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நம் பழக்கம் மாறவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோதும் ஊராட்சியைக் கூட்டிவைத்து எழுதிய மாற்றுத் திட்டம் எதையும் நாம் காணவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகும் வழியை நம் மக்கள் தாமே கண்டுகொண்டனர்.

கடல் கடந்த ஐரோப்பாவிலும் சுரங்க ஊர்கள் உண்டு. அங்கே 27 நாடுகள் ஓர் ஒன்றியமாகக் கூடி, விவசாயம், காற்று, நீர் ஆகியவற்றுக்குப் பொதுவான சட்டங்களைப் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து வகுக்கின்றன. அத்தனை தொலைவில் எழுதும் சட்டம் ஒரு குக்கிராமத்தின் கிணற்றுக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழாமலிராது. ஆகவே 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின்படி பிராந்தியங்களின் குழு என்றொரு சபை ஏற்பட்டு 1994 முதல் கூடிவருகிறது. அதன் 329 அங்கத்தினரும் நகரசபை, கிராமசபை, மாகாண சபை ஆகியவற்றின் பிரதிநிதிகளே. சுற்றுச்சூழல் சம்பந்தமான சட்டம் இயற்றுமுன் இவர்களைக் கலந்தே ஆகவேண்டும். சொன்னதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. பல்லில்லாத சபை என்று அதைக் கேலி செய்வோரும் அங்குண்டு. ஆயினும் ஊரளவில் செய்யக்கூடியதை மேலிடம் தன் கைக்குள் இழுத்துக்கொண்டால் நீதிமன்றம் செல்லும் உரிமையை 2009-இல் அமலுக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை இக்குழுவுக்கு வழங்கியது.

நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு செய்தி. நிலக்கரியை நம்பி வாழ்ந்த போலந்தின் சிலேசியா போன்ற வட்டாரங்களுக்கென 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் தனி நிதி ஒன்றை நிறுவியது. அப்பணத்தைப் பெற வேண்டுமாயின் அந்தந்த வட்டாரத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். அதை உள்ளூர் ஆட்சி மன்றங்களைச் சேர்த்துக்கொண்டே எழுதவேண்டும். தங்கவயலார் இருபது ஆண்டு முன்னதாகவே சுரங்கத்தை இழந்துவிட்டோம் போலும்!

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஜில்லாதோறும் ஒரு திட்டக் குழு அமையவேண்டும் என்கிறது. அதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்கினர் பஞ்சாயத்து, நகரசபை அங்கத்தினர்கள் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுப்போராக இருக்கவேண்டும். தண்ணீரைப் பங்கிடுவதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் அக்குழு கவனிக்க வேண்டியவை என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிரஸ்ஸல்ஸ் சபைக்கு இது எவ்வகையிலும் இளைத்ததன்று. ஆனால் பல ஜில்லாக்களில் இக்குழு ஏட்டளவில் நின்றுவிட்டது என்ற குறை நெடுநாளாக உண்டு.

அதன் விளைவைக் கோலார் ஜில்லாவிலேயே கண்டோம். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து நம் ஜில்லாவின் வறண்ட ஏரிகளில் நிரப்பும் கோரமங்கலா, செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018-இல் ஓடத் தொடங்கியது. சில வாரங்களிலேயே நீரில் நுரை கிளம்பிற்று. சுத்திகரிப்புப் போதுமா என்ற சர்ச்சை உயர் நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. ஏரிகள் நிறைந்ததும் கிணறுகளில் நீர் ஊறியதும் மெய்யே; அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும் ஏரிக்கரைப் பஞ்சாயத்துகள் திட்டக் குழுவில் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டிய வழக்கு, நீர் வந்த பின்னர் வக்கீல்களின் வாயில் விழுந்தது.

இப்போது மேடுகளின் முறை வந்திருக்கிறது. 13 மேடுகள் அடங்கிய ஏறத்தாழ 1,003 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலை கிடைக்கலாம், மேடுகள் கரையவும் கரையலாம். மண்ணைக் கிளறும் நாட்களில் தூசியை அடக்குவது எப்படி, மறுபடி எஞ்சும் மண்ணை எங்கே கொட்டுவது, கழுவிய நீர் எங்கே போகும் என்பன ராபர்ட்சன்பேட்டை நகரசபையும் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளும் தீர்மானமாக எழுதி அனுப்பவேண்டிய கேள்விகள். பேத்தமங்கலம் ஏரியைத் தொட்டுச் செல்லும் பாலாறுதான் கீழே வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகிறது. நம் பாட்டன்மார் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஊர்களும் அதன் கரையிலேயே இருக்கின்றன.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி இத்தகைய பணிக்குப் பொதுமக்கள் விசாரணை நடைபெறுமாயின், குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வெளியாகவேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் கிடைக்கவேண்டும். மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதத்துக்குக் குறையாத நகரசபை எல்லையில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடுவது 1956 முதல் மத்திய அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆதலால் தமிழில் அறிவிப்புக் கேட்பது சலுகை கேட்பதாகாது. விசாரணை பகல் வேளையில் நடக்கும். பெங்களூர் ரயிலில் போனவர் அதற்குள் திரும்பிவர இயலாது. அவர்கள் தம் கருத்தைக் காகிதத்தில் எழுதி, கையொப்பமிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே அனுப்பலாம்.