தொலைவிலிருந்து இயங்கும் விளக்கு விசை

முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர் இருளில் சுவரைத் தடவிச் சென்று விளக்கேற்ற முயல்வது, விழுந்து அடிபடுவதற்கு வழியாகும். கையடக்கக் கருவியைக் கொண்டு படுக்கையிலிருந்தே விளக்கை ஏற்ற இயலுமாயின், அஃது அவர்க்கு ஆடம்பரமன்று, பாதுகாப்பே ஆகும். அத்தகைய விசை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆணையைச் சுமந்து செல்வது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர். வெயிலிலும் அக்கதிர் உண்டே, அது விளக்கை ஏற்றிவிடாதோ என்ற ஐயம் எழலாம். நியாயமான ஐயமே. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தார் ஒளிக்கற்றையால் இயக்கும் தொலைக்காட்சியை வெளியிட்டனர். வெயில் பட்டபோதும் அது தானே இயங்கித் தொல்லை தந்தது. இதனைத் தவிர்க்கவே இக்காலக் கருவிகள் கதிரை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்கின்றன. ஏற்கும் கருவி அத்துடிப்பை மட்டுமே பொருட்படுத்தும். துடிப்புகளுக்கிடையே விடும் நெடிய, குறுகிய இடைவெளிகள் எழுத்துகள்போல் நின்று ஆணையாகின்றன.

ஆணையை ஏற்கும் மின்னணுச் சுற்று பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்குவது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இரண்டும் ஒன்றையொன்று தீண்டலாகாது. இடையே நிற்பது ரிலே. சிறு மின்னோட்டம் அதன் கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். காந்தம் உலோக நாவை இழுக்கும். அந்நா விளக்கின் சுற்றை மாற்றும்.

வடிவமைப்பில் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு. முதலாவது, சுவர் விசையை நீக்கலாகாது. மாடிப்படியின் மேலும் கீழும் இரு விசைகள் ஒரே விளக்கை ஆள்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வமைப்பில் ஒரு விசையின் இடத்தில் ரிலேயை வைத்தால், கைக்கருவியின் பேட்டரி தீர்ந்தாலும் ரிலே பழுதுற்றாலும் சுவர் விசை தன் கடமையைச் செய்யும்.

இரண்டாவது, ரிலே துண்டிப்பது 'லைவ்' கம்பியாகவே இருத்தல் வேண்டும். 'நியூட்ரல்' கம்பியைத் துண்டித்தாலும் விளக்கு அணையும்; ஆயினும் விளக்கு மாட்டும் இடத்தில் மின்சாரம் நிற்கும். தொட்டவர் உயிருக்கு இடர்.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர்கள் பேட்டரியும் சிறு விளக்குமே கொண்டு செய்து காட்டுக. வீட்டில் பொருத்தும் பணி உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியது. விளக்கை மாற்றும்போது தலைமை விசையை அணைத்தல் வேண்டும். அறையின் மறுகோடியில் ஒரு சிறுவன் கருவியை அழுத்திவிடக் கூடுமன்றோ?