கண்டுபிடிப்பு - வளர்ச்சி - வேலை: நோக்கியாவை முன்வைத்துச் சில கேள்விகள்

2000 மார்ச்சில் லிஸ்பனில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், 2010க்குள் உலகிலேயே போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக ஐரோப்பாவை ஆக்கிவிடுவதாக அறிவித்தார்கள். கண்டுபிடிப்பு வளர்ச்சியைத் தரும், வளர்ச்சி வேலையைத் தரும் என்பது இச்சொல்லாடலின் இலக்கணம். தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், வாக்கியத்தைக் கண்டால் வேற்றுமை உருபைத் தேடுகிறேன். யாருக்கு வளர்ச்சி? எந்த ஊரில் வேலை? நாலாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் காணோம்.

நோக்கியாவை எடுத்துக்கொள்வோம். அதன் கைபேசி யாரோ ஒரு மேதையின் மூளையிலிருந்து குதித்ததல்ல. 1982இல் ஐரோப்பியத் தபால்-தந்தி நிர்வாகங்கள் கூடி ஜிஎஸ்எம் குழுவை அமைத்தன. 1987இல் 13 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நாட்டுக்கு நாடு வேறுபட்ட அலைபேசி முறைகள் போய் ஒரே தரம் வந்ததால் ஒரே பெரிய சந்தை உருவானது. ஃபின்லாந்து அரசு 1983இல் டெகெஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 1991 ஜூலை 1 அன்று ஜிஎஸ்எம் வலையமைப்பின் முதல் அழைப்பு அங்கிருந்துதான் போனது. 'தனியார் சாதனை'யின் அஸ்திவாரத்தில் இவ்வளவு பொதுப்பணம் இருக்கிறது என்றால் சந்தை பக்தர்களுக்குக் கோபம் வரும். வரட்டுமே.

வளர்ச்சி வந்தது, பொய்யில்லை. வேலையும் வந்தது, ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஜெர்மனியின் போகும் நகர ஆலையை 2008இல் மூடினார்கள். கம்பெனிக்கு லாபம் கொழித்த நேரம் அது. சுமார் 2,300 பேருக்கு வேலை போயிற்று. சங்கம் போராடி இழப்பீடு வாங்கியது, மாநில அரசு தான் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது. கூலி குறைந்த ருமேனியாவில், ஜுகு என்ற ஊரில், 2008லேயே புது ஆலை. அதையும் மூடுவதாக 2011இல் அறிவிப்பு. அதற்குள் ஐபோன் வந்து சந்தையே மாறியிருந்தது. 2012இல் தாய்நாட்டுச் சலோ ஆலையும் நின்றது. 2006இல் திறந்த நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரித் தகராறும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

ஐரோப்பா கண்டுபிடிப்பை வணிகமாக்கத் தவறுகிறது என்று 1995இன் பசுமை அறிக்கை குறைப்பட்டது. 2024இல் மரியோ திராகி தந்த அறிக்கையும் அதையே சொல்கிறது. நோக்கியா அப்படித் தவறவில்லையே, வணிகமாக்கித்தானே காட்டியது? பிறகும் போகும்காரர்கள் ஏன் வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

மூடிக்கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2019இல் வாங்க முன்வந்த கம்பெனி சால்காம்ப். சார்ஜர் செய்கிறவர்கள். பிறந்த நாடு அதே ஃபின்லாந்து. முதலாளி இப்போது சீனாவில்.